கிருமியண்ணனுக்கு வந்த கேள்வி

1

இது கதையாகப் பிறக்கவில்லை. மாநகர சுகாதார அலுவலகத்தின் இணையப் பக்கத்துக்காக, 'மிஞ்சிய உணவை என்ன செய்யலாம்' என்ற தலைப்பில் நான் எழுதித் தர வேண்டிய எட்டு வரி நகைச்சுவைப் பதிவு இது. எட்டாவது வரியில் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அதற்கு யார் பொறுப்பு என்பது மூன்றாம் பகுதியில் வரும். அவசரக்காரர்கள் நேரே அங்கே போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். எனக்குத் துணைக்கு இங்கே ஒரு மேசை விசிறி இருக்கிறது.

நான் கல்லூரியில் படிக்கிறேன். மற்ற நேரங்களில் கிருமியாக இருக்கிறேன். அந்தப் பக்கத்தில் பேசுவது அலுவலகம் அல்ல, ஒரு கிருமி. "பச்சைக் கோழி வெட்டின பலகையிலயே வெள்ளரிக்காயும் நறுக்கினீங்க பாருங்க, அந்த மனசு யாருக்கு வரும்? குடும்பத்தோட குடிவந்துட்டோம்" என்கிற தினுசில் பேசும். ஊரே அதைக் 'கிருமியண்ணன்' என்று கூப்பிடுகிறது. எழுதுவது யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

என்னை வேலைக்கு எடுத்த உணவுப் பாதுகாப்பு அதிகாரி மேடத்தின் விதி அது.

"தம்பி, ஜனங்க சிரிக்கணும். ஆனா ஆபீஸ் சிரிச்ச மாதிரி தெரியக் கூடாது. யாரு என்ன கேட்டாலும் கிருமியாவே பதில் சொல்லு. நீ பேசாத."

"யாராவது அழுதா மேடம்?"

"கிருமிகிட்ட வந்து யாருப்பா அழப்போறா?"

2

தள்ளுபடியான தொடக்கங்கள்:

'ஓர் ஊரில் ஒரு சோற்றுப் பானை—' (வேண்டாம். அடுத்த வரியில் பானை பேச ஆரம்பித்துவிடும்.)

'தனியாக வாழும் ஒரு மனிதர், கிழிந்த பனியனோடு அடுப்பருகே—' (கிழிசல் நான் போட்டது. உங்கள் கண் கலங்கட்டும் என்று போட்டது. உண்மையில் அவர் தேய்த்த சட்டை இல்லாமல் வாசலுக்குக்கூட வரமாட்டார். பனியனைக் கழற்றிச் சட்டையை மாட்டிவிட்டேன்.)

'எடைமேடைக்காரர் கிருமிக்கு எழுதினார்.'

இது நிற்கிறது. லாரிகளை ஏற்றி நிறுத்தி எடைபோடும் மேடையில் அவருக்கு வேலை. மனைவி, மகளின் பிரசவத்துக்கு உதவியாக வெளியூர் போனவர் இன்னும் திரும்பவில்லை. சமையல் அவருக்குப் புதிது. முகப்புப் படத்தில் ஆள் இல்லை, ஒரு லாரி நிற்கிறது. தினமும் எழுதுவார்.

"கிருமியண்ணே, வணக்கம். சோறு ஆறினதும் ஃப்ரிட்ஜுல வைக்கணும்னீங்க. எவ்ளோ ஆறணும்? உத்தேசமா சொல்லாதீங்க."

"தொட்டா கை சுடக் கூடாது சார், அவ்ளோதான். அதுக்கு மேல விட்டீங்கன்னா எங்காளுங்க பாய் தலகாணியோட வந்துருவாங்க."

"எத்தனை பேர் வருவாங்க?"

"எண்ணி மாளாது சார்."

"வரட்டும். வீடு காலியாத்தான் இருக்கு."*

(*இதற்குச் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினேன். கிருமிக்கு வேறு முகம் எதையும் அலுவலகம் தரவில்லை.)

3

எடைமேடைக்காரர் என் அப்பா.

இதைக் கடைசிவரை ஒளித்துவைத்துத் திருப்பமாக்கியிருக்கலாம். ஆனால் அவருடைய முதல் கேள்வி வந்த அன்றே, பெயரைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களை மட்டும் காக்க வைப்பது நியாயமில்லை.

கிருமி நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. சுகாதார அலுவலகத்தில் 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லிவைத்திருக்கிறேன். போனில் நாங்கள் பேசுவது இவ்வளவுதான்:

"அங்க மழையா?"

"இல்லப்பா. அங்க?"

"இங்கயும் இல்ல."

இதே மனிதர் கிருமியிடம், முட்டை கெட்டுவிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஆரம்பித்து, ஆளில்லாத வீட்டில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வது வரை எழுதுகிறார். "பையன்கிட்ட சொல்லலாமே சார்" என்று கிருமி ஒருமுறை கேட்டது. (கேட்டது கிருமி. நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.)

"படிக்கிற பையன், அவனைப் போய் ஏன் தொந்தரவு பண்ணிக்கிட்டு? உங்களுக்குன்னா வேற வேலை இல்ல" என்றார்.

நான்தான் என்று சொன்னால், கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார். அப்புறம் எங்களுக்கு மழை மட்டும்தான். சொல்லாமல் இருந்தால், பெற்ற அப்பாவை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

(இந்த இடத்தில் ஒரு தத்துவ வாக்கியம் இருந்தது. மனித உறவுகள் என்பவை— எடுத்துவிட்டேன்.)

4

இன்று ஞாயிறு. மதியம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வீடுகளில் மிச்சமும் அதிகம், இணையப் பக்கத்தில் கேள்விகளும் அதிகம் என்று மேடம் என்னை அலுவலகத்துக்கு வரச்சொல்லிவிட்டார். காலையில் போன் செய்து, "வேலை இருக்குப்பா, வரலை" என்றேன். "சரி, வேலையப் பாரு" என்றார். குரலில் ஒன்றுமில்லை. (எழுதுகிறவன் அதில் ஏதாவது வைத்திருக்க வேண்டும். நிஜமாகவே ஒன்றுமில்லை.)

சாயங்காலம், பதிவின் ஏழாவது வரியில் இருந்தபோது லாரிப் படம் திரையில் எழுந்தது.

"கிருமியண்ணே, ஒரு சந்தேகம். கோழியும் சோறும் ரெண்டு பேருக்கு ஆக்கினேன். மத்தியானத்துலேர்ந்து மேசையில மூடியே இருக்கு. நானும் சாப்பிடலை. இனிமே சாப்பிடலாமா?"

"ஃப்ரிட்ஜுல ஏன் சார் வைக்கலை? தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே. கிருமிக்குத் தலை இல்லைங்கறது வேற விஷயம்."

"வைக்கத்தான் எடுத்தேன். பையன் வரலைன்னுதான் சொன்னான். இருந்தாலும், வேலை சீக்கிரம் முடிஞ்சு பஸ் ஏறிட்டான்னா? உள்ள வெச்சா, அவன் வரமாட்டான்னு நானே முடிவு பண்ணிட்ட மாதிரி இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்."

பதில் எனக்குத் தெரியும். ஊருக்கே சொல்லிக்கொடுத்தது. சமைத்த பண்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்தால் குப்பைக்குத்தான். வாடை வராவிட்டாலும் அப்படித்தான். சூடுபண்ணினாலும் சில நஞ்சுகள் போகாது. இதில் 'பையனுக்காக ஆக்கியது' என்று ஒரு விலக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். விதியை எழுதி ஒட்டியவனே நான்தான். இல்லை.

"கொட்டிடுங்க சார்."

கிருமி சிரிக்காமல் பேசியது இதுதான் முதல்முறை. மேடம் பார்த்தால், பேசியது நான் என்று கண்டுபிடித்துவிடுவார்.

"பூராவுமா?"

"பூராவும்."

கால் மணி நேரம் கழித்து வந்தது:

"கொட்டிட்டேன். பாத்திரமும் சோப்புப் போட்டுக் கழுவியாச்சு."

பிறகு இன்னொன்று:

"நீங்க சாப்டீங்களா?"

5

கைவசம் உள்ள முடிவுகள்:

அ) கிருமி சொல்கிறது: "நீங்க கொட்டினதுல இன்னைக்கு நான் பட்டினி சார்." அப்பா சிரிப்பார். நாளைக்கும் எழுதுவார். நாளைக்கும் நான் அவருக்கு யாரோ.

ஆ) போனை எடுக்கிறேன். "அப்பா, அது நான்தான்—" (இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. முடிக்காமல் மழையைப் பற்றிக் கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.)

இ) அவருக்கு எல்லாம் முன்பே தெரியும். கிருமியைப் பார்த்து யாராவது சாப்பிட்டாயா என்று கேட்பார்களா? இதுதான் இருப்பதிலேயே அழகான முடிவு. ஆனால் எடைமேடைக்கு வரும் ஓட்டுநர்கள் எல்லோரையும் அவர் கேட்பார். தவறான எண்ணில் கூப்பிட்டவரைக்கூடக் கேட்டிருக்கிறார். என்னைத்தான் கேட்டதில்லை. ஆகவே இதை நம்ப வழியில்லை.

எழுதும் கட்டம் காலியாக இருக்கிறது. அவர் இன்னும் இணைப்பில் இருப்பதாகப் பச்சைப் புள்ளி சொல்கிறது. நான் சாப்பிடவில்லை. அது மட்டும் உண்மை. அதைக் கிருமியாகவும் சொல்லலாம், மகனாகவும் சொல்லலாம். யாராகச் சொல்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் முடிவு பண்ணுங்கள். அவரும் இன்னும் சாப்பிடவில்லை.