பார்க்கர் அணைக்குத் தெற்கே கீழே இறங்காத தண்ணீர்

1976ஆம் ஆண்டு ஜூலை நான்காம் தேதி பிற்பகலில் வெர்லின் டக்கெட்டின் ஜெட் படகு பின்னால் வாரியடித்த தண்ணீர் இன்னும் கீழே இறங்கவில்லை. கொலராடோ ஆற்றில், பார்க்கர் அணைக்குத் தெற்கே மூன்றாவது மைலில், இரண்டு மாடி உயரத்துக்குச் சேவல் வால்போல வளைந்து நிற்கிறது. கோடையில் அதன் கீழே பத்து டிகிரி குறைவு. தகைவிலான் குருவிகள் அதில் குளிக்கும். அந்த ஆற்றின் ஒவ்வொரு குவளையையும் மாநிலங்கள் பங்கு பிரித்திருப்பதால், அந்தரத்தில் நிற்பது அரிசோனாவின் தண்ணீரா கலிபோர்னியாவின் தண்ணீரா என்று இரு கரை அதிகாரிகளும் ஒன்பது ஆண்டுகள் கூடிப் பேசினார்கள். கடைசியில் ‘வந்துகொண்டிருக்கும் நீர்’ என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டு மதிய உணவுக்குப் போனார்கள்.

அன்று படகில் இருந்தவர்கள் இரண்டு பேர். இருபத்தாறு வயது வெர்லின். எதிர்க்கரையில் தூண்டில் இரையும் ஹாம்பர்கரும் ஒரே கல்லாவில் விற்ற ஒலீட்டா மேப்ஸ். அமைதியான இடத்தில் கேட்கத் தைரியம் இல்லாததால், மணிக்கு அறுபது மைல் வேகத்தில், எட்டு சிலிண்டர் எஞ்சினின் இரைச்சலுக்கு மேல், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று வெர்லின் கத்தினான். ஒலீட்டா திரும்பிப் பின்னால் பார்த்தாள். யோசிக்க நாலு நொடி வேண்டியிருந்தது.

“அந்தத் தண்ணி கீழ வரட்டும், சொல்றேன்” என்றாள்.

மேப்ஸ் வீட்டுப் பெண்கள் சொன்ன சொல் மாறுவதில்லை. டக்கெட் வீட்டு ஆண்கள் ஒரு பெண்ணிடம் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்பதில்லை. அது மரியாதை இல்லை என்பது அவர்கள் கொள்கை. ஆகவே வெர்லின் தினமும் காலை ஏழு மணிக்குப் பாலம் தாண்டி ஒலீட்டாவின் கடைக்கு வந்து இரண்டு பொரித்த முட்டை தின்றார். ஜன்னல் வழியே பார்த்து, “இன்னும் நிக்குது” என்பார். “நிக்குது” என்று அவள் காப்பி ஊற்றுவாள். இப்படி அவருக்கு முடி கொட்டியது, அவளுக்கு மூக்குக்கண்ணாடி வந்தது. இருவரும் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. பேச்சு பாதியில் நிற்கும்போது எழுந்து போவது எப்படி?

படகு அவர் வீட்டுக் கொல்லையில் முப்பது வருடம் வெயில் காய்ந்தது. பைபர் கிளாஸ் வெடித்தது. ஆரஞ்சுப் பூச்சில் கலந்த மினுக்குத்தூள் வெளுத்துச் சாம்பலானது. எஞ்சின் இருந்த இடத்தில் ஒரு பாலைவன ஆமை குடியேறியது. அறுபது வயதில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வெர்லினுக்கு ஒரு யோசனை வந்தது. தண்ணீரைத் தூக்கிய அதே படகை, அதே போல்ட்டுகளோடு, அதே இடத்தில் எதிர்த்திசையில் ஓட்டினால் தண்ணீர் இறங்கிவிடும். ஆமையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கினார்.

அதே போல்ட் என்றால் பழைய ஜெட் படகுகளின் அசல்தன்மைக் காப்புச் சங்கத்திடம் போய்த்தான் ஆகவேண்டும். அதன் தலைவர் லொவெல் க்ரம்ப் பூதக்கண்ணாடி இல்லாமல் மனைவியைக்கூடப் பார்க்காதவர். அந்தப் படகுகளின் வரலாறு என்னவென்றால், எழுபதுகளில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கார் கொட்டகை வைத்திருந்தவனெல்லாம் படகுக் கம்பெனி முதலாளி. அடுத்தவன் படகை வாங்கி, மெழுகு தடவி, அதன் மேலேயே அச்சு எடுத்துத் தன் பெயரை ஒட்டி விற்பான். அவன் படகில் இன்னொருவன் அச்சு எடுப்பான். நகலுக்கு நகலாகப் பிறந்த அந்தக் கூட்டத்தில் எது அசல் என்று கண்டுபிடிக்கத்தான் சங்கம். வெர்லினின் படகில் இடப்பக்க வண்ணக் கோடு அசலிலேயே ஒரு விரல் கோணல், போட்டவன் பீர் குடித்திருந்தான். வெர்லின் நேராகப் போட்டதைச் சங்கம் தள்ளுபடி செய்தது. அதே கோணல் கைக்கு வர அவருக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று. அதுவும் நிதானமாக இருந்துகொண்டு.

பதினோரு வருடம் கழித்து நூற்றுக்கு நூறு கிடைத்தது. சான்றிதழைக் கொடுத்த கையோடு க்ரம்ப், “இனிமே இத தண்ணில இறக்கிராதப்பா, ரெண்டு புள்ளி போயிரும்” என்றார். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அது காய்ந்துதான் வந்ததாம், ஈரம் பிற்சேர்க்கையாம்.

வெர்லின் இறக்கினார். 2021 ஜூலை நான்கு, இரு கரையிலும் ஊர் கூடியிருந்தது. படகு மிதந்தது, எஞ்சின் உறுமியது. க்ரம்ப் ஒலிபெருக்கியைப் பிடித்தார். ஒவ்வொரு பாகத்தின் அருமையையும் இருபது நிமிடம் விளக்கினார். முடிவில் நீல வெல்வெட் துணியில் வைத்திருந்த ஒரு பித்தளைத் திருகுமூடியை உயர்த்தி, இந்த மரையைப் பாருங்கள், இதைப்போல இன்னொன்று இந்த நாட்டிலேயே இல்லை என்று தழுதழுத்தார். அது படகின் அடியில், பின்பக்க ஓட்டையை அடைக்கும் மூடி. படகில் உட்கார்ந்திருந்த வெர்லின் கணுக்கால் சில்லிட்டதைப் பதற்றம் என்று நினைத்திருந்தார்.

நிற்கும் தண்ணீருக்கு நேர் கீழே வந்து அவர் எஞ்சினை முடுக்கியபோது, முக்கால்வாசி நிறைந்திருந்த படகு மூக்கை வானத்துக்குத் தூக்கியது. கடைசியாக ஒரு வாய்த் தண்ணீரை மேலே துப்பிவிட்டு, கோணல் கோடு உட்பட மூழ்கியது. நூற்றுக்கு நூறு வாங்கிய மிதவைச் சட்டையில் வெர்லின் மட்டும் மிதந்தார். ஒலீட்டா தன் மீன்பிடி ஓடத்தைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

“மூடி எங்கய்யா?”

“வெல்வெட்டுல.”

அவள் சிரிக்கவில்லை. அவர் மேலே பார்த்தார். “இன்னும் நிக்குது ஒலீட்டா. இனிமே இறக்க வழியில்ல. படகும் போச்சு.”

“நாப்பத்தஞ்சு வருஷம் தெனமும் என் கடையில வந்து முட்ட தின்ன. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ மறுபடி கேட்டா வாய் வெந்துருமா?”

“ஏற்கெனவே கேட்டாச்சே. பதில்தானே பாக்கி?”

“அது பழைய கேள்வி. அத உன் சங்கத்துல கொண்டுபோய் வை. புதுசா கேளு.”

எஞ்சின் இல்லை, இரைச்சல் இல்லை. ஒளிய இடம் இல்லை. பல் கிட்டிக்கக் கழுத்தளவுத் தண்ணீரில் வெர்லின் கேட்டார். இந்தக் கேள்வி அசல் இல்லை என்று கரையிலிருந்து க்ரம்ப் ஒலிபெருக்கியில் ஆட்சேபித்தார்.

“சரி” என்றாள் ஒலீட்டா, மேலே பார்க்காமலே. “ஏறு. ஓடத்தக் கவுத்துராத.”

அடுத்த சனிக்கிழமை கல்யாணம். தண்ணீர் இறங்கினாலும் இறங்கும் என்று விருந்தாளிகள் குடையோடு வந்தார்கள். க்ரம்ப் நீச்சல் கண்ணாடி மாட்டி முங்கி, அடியில் கிடந்த படகைப் பார்த்து, ஈரத்துக்கு இரண்டு புள்ளி குறைத்துத் தொண்ணூற்றெட்டு போட்டார். படகு கடைசியாகத் துப்பிய தண்ணீரும் கீழே வரவில்லை. அது சின்னது, கொஞ்சம் சாய்ந்தது. காலை ஏழு மணி வெயிலை அது மறைத்துவிடுவதால், ஒலீட்டா கடையின் கிழக்கு ஜன்னல் திரைச்சீலையைக் கழற்றித் துவைத்து வைத்துவிட்டார்கள்.