முதலாளியை வெட்டிய ஸ்கிரிப்ட்

நல்லேப்பிள்ளிப் பக்கத்து அரிசி மில்லுக்கு 1979-இல் கம்ப்யூட்டர் வந்தது. புரோகிராமில் வரும் ஒவ்வொரு பெயரும் ‘பெரியபண்ணை நஞ்சப்பன்’ என்றே தொடங்க வேண்டும் என்பது முதலாளி நஞ்சப்பனின் உத்தரவு. நெல், தவிடு, உமி எதற்கும் விலக்கில்லை. புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரோ எந்தப் பெயரிலும் முதல் எட்டு ஆங்கில எழுத்தைத்தான் படிக்கும். அதற்குப் ‘பெரியபண்ணை’யே அதிகம். நெல்லும் உமியும் அதற்கு ஒன்றாகிவிட்டன; கணக்கு ஓடவில்லை.

வேலை போய்விடக் கூடாதே என்று, புரோகிராம் எழுதும் மருதாத்தாள் ஷெல் ஸ்கிரிப்ட் என்ற குட்டிக் கட்டளைத் தொகுப்பு ஒன்றை எழுதினாள். கம்பைலருக்குப் போகும் நகலில் மட்டும் அது முதலாளியை வெட்டிவிடும். அச்சாகும் காகிதத்தில் அவர் வரிக்கு வரி கொலுவிருப்பார்.

ஒருநாள் பக்கத்தில் வந்து நின்ற முதலாளி அந்த ஸ்கிரிப்ட் என்னவென்று கேட்க, அவள் சொல்லித் தொலைத்தாள்.

“என்னைய வெட்டிப்போட்டா ஓட்டறே, அம்முணி? எடு அந்த ஸ்கிரிப்டை!”

“எடுத்தா ஓடாதுங்க.”

“நானில்லாம ஓடறது, நானிருந்தா ஓடாதா?”

எடுத்தாள். இயந்திரம் பக்கம் பக்கமாகப் பிழைகளை அச்சடித்துத் துப்பியது.

“என்ன சொல்லுது?”

மருதாத்தாள் காகிதத்தைக் கிழித்து நீட்டினாள். “எங்க பாத்தாலும் நீங்களேதான் இருக்கீங்களாமுங்க.”

முதலாளியின் மீசை துடித்தது. “மிசினுக்கே தெரிஞ்சுபோச்சு பாரு! அந்தக் காயிதத்தைக் கண்ணாடி போட்டு மாட்டச் சொல்லு. கணக்கை நீ உன்ற ஸ்கிரிப்டுலயே ஓட்டிக்கோ.”