மீதியை இறங்கும்போது வாங்கிக்கொள்ளவும்

பாஸ்போர்ட் ஆபீசில் என் வயதைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தார்கள். எழுபத்தெட்டரை காட்டியது. அந்த அரை என் செருப்பு என்றேன். கழற்றச் சொன்னார்கள். எழுபத்தெட்டு சரியாக வந்தது. செருப்பைத் திருப்பித் தரவில்லை. அதற்கு வேறு கவுண்ட்டராம்.

என் பெயர் வெள்ளைச்சாமி. பஸ்ஸில் முப்பத்துநாலு வருடம் கண்டக்டர். ஓய்வு பெற்று இருபது வருடம் ஆகிறது. விசில் இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை பென்ஷன் ஆபீசுக்கு நேரில் போய், உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிவிட்டு வருவேன். இதுவரை நம்பியிருக்கிறார்கள்.

என் அக்கா சிட்டம்மா மலேசியாவில், கிள்ளானில் இருக்கிறாள். கல்யாணம் முடிந்த கையோடு கப்பலேறியவள். எண்பத்துநாலு வயது. டாக்டர் அவளுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்று செவ்வாய். என் பாஸ்போர்ட் போன மாதம் காலாவதியாகிவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

ஆபீஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டோக்கன் கூப்பிட்டால் ஒரு ஸ்டேஜ் நகரும். வரிசையில் எழுபது பேர், எல்லாருமே பென்ஷன்காரர்கள். மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜன்னலில் புளியமரங்கள் பின்னால் போயின. வராந்தா ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் நீண்டது. ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே! ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் கவுண்ட்டரில் ஒரு பெண் இருந்தாள்.

"புதுசா, புதுப்பிக்கவா?"

"புதுப்பிக்க."

"முழுக் கட்டணம்."

"பென்ஷன்காரனுக்குச் சலுகை கிடையாதாம்மா?"

"புதுசா எடுத்தா உண்டு சார்."

"அப்பப் புதுசாவே எடுத்துக்கிறேன்."

"அதுக்கு நீங்க இதுக்கு முன்னாடி இருந்திருக்கக் கூடாது."

"எதுக்கு முன்னாடி?"

"இன்னிக்கு முன்னாடி."

ஒரு படிவம் கொடுத்தாள். நான் இதற்கு முன் இருந்ததே இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேரும் எனக்கு முன்னால் வரிசையில்தான் நின்றார்கள். கேட்டிருந்தால் சந்தோஷமாகப் போட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. மானம் என்று ஒன்று இருக்கிறதே.

அக்கா போன் செய்தாள்.

"எங்கடா வந்துட்டிருக்க?"

"இன்னும் ரெண்டாவது கவுண்ட்டருக்கே போகலைக்கா."

"வெரசா வாடா. வெள்ளிக்கிழமை வாசல்ல வந்து நிக்குது."

"உள்ள விடாதே."

"உக்கார நாற்காலி கேக்குதுடா."

"குடுக்காதேக்கா!" என்று கத்தினேன்.

இரண்டாவது கவுண்ட்டர் ஆறு ஸ்டேஜ் தள்ளி இருந்தது. அங்கே ஆபீசர் தில்லைநாயகம். அவருக்குப் பின்னால் ஒரு இரும்புப் பீரோ. அதில் வருடங்கள் கட்டுக் கட்டாக இருந்தன. டிக்கெட் புத்தகம் மாதிரி பின் அடித்து வைத்திருந்தார்கள்.

"பத்து வருஷத்துக்குக் கட்டணும்," என்றார்.

"எனக்கு ஆயுசு இன்னும் எவ்வளவு ஓடும்னு பாருங்க."

ஒரு நோட்டைப் புரட்டினார். "நாலு."

"அப்ப நாலுக்கு வாங்குங்க. நான் கண்டக்டரா இருந்தவன். உசிலம்பட்டில இறங்குறவனுக்குத் தேனி வரைக்கும் டிக்கெட் போட்டிருந்தா என் வேலை போயிருக்கும்."

"ஒரு கட்டுக்குப் பத்து. உடைக்க முடியாது."

"மிச்சம் ஆறு?"

"ஸ்டாக்ல இருக்கும்."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்லை. ஸ்டாக்."

ஆத்திரம் தலைக்கேறியது. பாதிச் சம்பளத்தைப் பென்ஷன் என்று கொடுக்கும்போது, வயசாயிருச்சு, இது போதும் என்கிறார்கள். கட்டணம் வாங்கும்போது மட்டும் நான் முழு ஆளாகிவிடுகிறேன். இருபத்தைந்து வயதுக்காரனுக்கும் எனக்கும் ஒரே விலை. அவன் பத்தையும் ஓட்டித் தீர்ப்பான். நான் கட்டுகிற ஆறு பீரோவில் கிடந்து பூச்சி அரிக்கும். இதையெல்லாம் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். தொண்டை வறளச் சொன்னேன். வரிசையில் இருந்தவர்கள் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"முடிஞ்சுதா?" என்றார் தில்லைநாயகம்.

அக்காவுக்காகக் கட்டித் தொலைத்தேன். அவர் பாஸ்போர்ட்டையும் ரசீதையும் நீட்டினார். ரசீதைத் திருப்பி, பின்பக்கம் 'மீதி 6' என்று எழுதி ஒரு சுழி போட்டார்.

"இறங்கும்போது வாங்கிக்குங்க."

அது என் வசனம். சில்லறை இல்லையென்றால் டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதிக் கொடுத்துவிட்டு, முப்பத்துநாலு வருடம் நான் சொன்ன வசனம். பாதிப் பேர் மறந்துபோய் இறங்குவார்கள். நினைவு வந்து திரும்புவதற்குள் ரெண்டு விசில் கொடுத்து வண்டியைக் கிளப்பிவிடுவேன். அந்தக் காசில் டீ குடித்திருக்கிறேன். நன்றாகவே இருந்தது.

அப்போது வராந்தாவின் கோடியிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கையில் ஒரு டிக்கெட். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆண்டிபட்டி ஸ்டாப். முப்பத்தைந்து வருடத்துக்குமேல் இருக்கும்.

"அண்ணே, ரெண்டு ரூவா மீதி," என்றாள்.

"அன்னிக்கிலேர்ந்து ஓடிட்டேயா இருக்க?"

"நீங்க நிறுத்தலையே."

இரண்டு ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். "தப்புத்தான் தாயி. மன்னிச்சிரு."

அவள் மன்னித்த மாதிரித் தெரியவில்லை. காசை முந்தானையில் முடிந்துகொண்டாள். "விசில் இன்னும் ஒங்ககிட்டதானே இருக்கு?" என்றாள். பிறகு பக்கத்து ஜன்னலோரம் இடம் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

விசிலை எடுத்தேன். ஒரே ஊது.

ஆபீஸ் கிரீச்சென்று நின்றது. எழுபது பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். நோட்டு தில்லைநாயகத்தின் மடியில் வந்து விழுந்தது.

"சார், இது ஸ்டாப் இல்லை."

"நான் இறங்குறேன். மீதியைக் குடுங்க."

"இங்க யாரும் உயிரோட இறங்குனதில்லை சார்."

"நீங்கதானே எழுதுனீங்க? படிங்க."

படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். அவர் கையெழுத்துதான், அவர் போட்ட சுழிதான். பீரோவைத் திறந்து ஆறு வருடத்தைக் கிழித்துக் கொடுத்தார். உடைக்க முடியாத கட்டு நன்றாகவே உடைந்தது. விரலில் எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினேன். அவருக்கு முன்னால் வைத்தே எண்ணினேன்.

படியிறங்கி ரோட்டுக்கு வந்தேன். தார் சுட்டது. செருப்புக்காகத் திரும்பிப் போக மனசில்லை. கிள்ளான் பக்கம் நடந்தேன். கண்டக்டர் விசில் கொடுக்காமல் வண்டி நகராது. ஆபீஸ் அப்படியே நின்றது.

அக்காவுக்கு நானே போன் செய்தேன்.

"அக்கா, வெள்ளிக்கிழமையை எழுந்திரிச்சுப் போகச் சொல்லு. ஆறு வருஷம் கொண்டாறேன். அத்தனையும் உனக்குத்தான்."

"உனக்கு?"

"எனக்கு நாலு இருக்கு. போதும்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பின்னால என்னடா சத்தம்?"

திரும்பிப் பார்த்தேன். "ஆபீசர் ஓடி வர்றார்."

"எதுக்காம்?"

"மீதி வாங்கிட்டேன்னு கையெழுத்துப் போடணுமாம்."

"பாவம்டா. நின்னு போட்டுட்டு வாயேன்."

தில்லைநாயகம் வேட்டி தடுக்க, படிவத்தை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் ஆபீசின் கதவு தெரிந்தது. கதவு வழியாக இரும்புப் பீரோ தெரிந்தது. அவசரத்தில் பூட்டாமல் வந்திருக்கிறார். ஆண்டிபட்டிப் பெண் ஜன்னலோர இடத்திலிருந்து எழுந்து பீரோ பக்கம் போனாள். எழுபது பேரும் கம்பியை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே போனார்கள்.

ரெண்டு விசில் கொடுத்தேன்.