பூட்டிக் கொடுக்கப் போனவன்

டெறிக்குக்குப் பத்தொன்பது வயதானபோது செசீலியா அவனை வீட்டை விட்டு வெளியே விடுவதை நிறுத்தினாள். தாண்டவன்வெளியில் அந்த வருடம் அப்படி அடைபட்டுக் கிடந்த பொடியன் அவன் ஒருவன் மட்டுமல்ல. கடைக்குப் போனவன், பூசைக்குப் போனவன், ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்தவன் என்று ஒவ்வொருவராகச் சண்டைக்கு ஆள் சேர்க்க வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றியவர்களும் தமிழ்ப் பொடியன்கள்தான். கையில் துவக்கு இருந்தது. ஏனென்று கேட்க ஆளில்லை.

கத்தாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்த அவளுடைய புருஷன் ஜெயராஜாவுக்குப் போனில் ஒன்றுதான் சொல்ல முடிந்தது.

"அவன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறதுக்கு என்ன வேணுமெண்டு கேள். அனுப்புறன்."

கார்ப் பந்தய விளையாட்டுக்கான ஸ்டியரிங்கும் பெடலும் வேண்டும் என்றான் டெறிக். கம்பியூட்டர் ஏற்கனவே வீட்டில் இருந்தது. ஜெயராஜாவோடு வேலை செய்து, லீவில் வந்த காத்தான்குடிப் பதியுதீன் பெட்டியைக் கொண்டுவந்து தந்துவிட்டு, ரோட்டு நிலவரத்துக்குப் பயந்து தேத்தண்ணிகூடக் குடிக்காமல் திரும்பினார்.

ஸ்டியரிங்கை மேசை விளிம்பில் பூட்டி இறுக்குவது லேசாக இருந்தது. பெடல்தான் பாடாய்ப் படுத்தியது. இரண்டு பெடலையும் கம்பியூட்டர் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. பிரேக்கில் ஒரு கால், ஆக்சிலேற்றரில் ஒரு கால் வைத்தால் கார் அசையாமல் நின்றது. அதைப் பிரித்துவிட டெறிக்குக்கு ஒரு முழுப்பகல் போனது. பிறகு ஒவ்வொரு பெடலையும் அடிமட்டும் மிதித்து, விட்டு, மிதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கம்பியூட்டருக்குக் காட்டிக் கொடுத்தான். அந்த நேரத்தில் அவன் முகத்தில் நெடுநாளாகக் காணாத ஒரு தெளிவு இருந்தது.

அடுத்தது வழுக்கல். பளபளப்பான சீமெந்து நிலத்தில், பிரேக்கை ஊன்றி மிதித்தால் பெடல்பெட்டி மேசைக்கு அடியில் ஓடிப்போனது. மண்மூட்டை ஒன்று கட்டி வைத்தான்.

"மண்மூட்டையா? வாறவன் பாத்தா பங்கர் எண்டெல்லே நினைப்பான்! எடு மனே, எடு!" என்று செசீலியா கத்தினாள்.

அரிசிமூட்டையை வைத்தார்கள். அது நன்றாகத் தாங்கியது. ஆனால் சோறு ஆக்க ஆக்க மூட்டை மெலிந்தது. கடைசியில் செசீலியாவே மேசைக்கு அடியில் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். பிரேக் அடிபடும் சத்தம் ரோட்டுக்குக் கேட்கக் கூடாதென்று பழைய செருப்பு ரப்பரை வெட்டிப் பெடலுக்குக் கீழே வைத்ததும் அவள்தான்.

"இப்பதான் அம்மா உண்மையான பிரேக் மாதிரிக் கிடக்கு," என்றான் டெறிக். அவன் ஒருநாளும் உண்மையான கார் ஓட்டியதில்லை.

ஒரு மத்தியானம் இரண்டு பேர் வந்தார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டபடியே உள்ளே நுழைந்தார்கள். ஒளிக்க நேரமில்லை, திரையில் கார் உறுமிக்கொண்டிருந்தது. செழியன் என்று மற்றவன் கூப்பிட்ட கட்டையான பொடியன், டெறிக்கைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தான். பிறகு கதிரையில் உட்கார்ந்து, துவக்கை மேசையில் வைத்தான்.

"எப்படி இது?"

டெறிக் சொல்லிக் கொடுத்தான். முதல் மிதியிலேயே பெட்டி ஓடியது.

"என்னம்மா இது, நிக்கிதில்லையே?"

செசீலியா மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து பெட்டியைப் பிடித்தாள். அவனுடைய கால் டெறிக்கின் காலைவிடச் சின்னது. குதியில் வெடிப்பு. இது ஓடும்வரை என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்து, கை வலிக்க வலிக்கப் பிடித்தாள். கரண்ட் போனதும் அவன் எழுந்தான்.

"நல்லாக் கிடக்கு. மறுகா வாறம்."

மறுபடியும் வந்தான். பிறகு அடிக்கடி வந்தான். அவனுடைய கால் எட்டுவதற்காக டெறிக் பெட்டிக்குக் கீழே பலகை வைத்துக் கொடுத்தான். செசீலியா மேசைக்கு அடியில் இருந்தபடியே செபம் சொன்னாள். ஒருநாள் அவனுக்கு மீன்குழம்பும் சோறும் கொடுத்தாள். பசியோடு சாப்பிட்டான். அவனைப் பெற்றவள் எங்கே இருக்கிறாளோ என்று நினைத்தாள். அதைக் கேட்கத் துணிவு வரவில்லை.

கடைசியாக வந்த அன்று வாசலில் வான் நின்றது.

"அம்மா, எங்கட முகாம் பெரியவர் இதைக் கொண்டுவரச் சொல்லிற்றார். அங்க ஒருத்தருக்கும் பூட்டத் தெரியாது. தம்பி வந்து பூட்டித் தந்திற்று வரட்டும். கொஞ்ச நேரம்தான்."

"எல்லாத்தையும் கொண்டு போங்க தம்பி. கம்பியூட்டரையும் கொண்டு போங்க. எப்படிப் பூட்டுறதெண்டு அவன் எழுதித் தருவான்."

"எழுதினா விளங்காது."

"அப்ப நானும் வாறன். பெட்டியைப் பிடிக்க ஆள் வேணுமெல்லே?"

செழியனோடு வந்து வாசலில் நின்றவன் சிரித்தான். "அங்க பிடிக்க நிறைய ஆள் இருக்கு."

செழியன் சிரிக்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை. டெறிக் வயர்களைச் சுருட்டினான்.

"வந்திருவன் அம்மா," என்றான்.

பொழுதுபட்டும் அவன் வரவில்லை. விடிந்ததும் செசீலியா அவர்களுடைய முகாமுக்குப் போனாள். வாசலில் காவலுக்கு நின்றவன், உள்ளே கேட்டுவிட்டு வந்து, அப்படி ஒருத்தரும் இங்கே இல்லை என்றான். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அந்தக் கார்ச் சத்தம் கேட்டது. கார் உறுமிப் போய் எதிலோ மோதியது. திரும்ப உறுமியது, திரும்ப மோதியது. டெறிக் ஒருநாளும் அப்படி மோதமாட்டான்.

"உள்ளதான் கிடக்கு தம்பி, எங்கட பெட்டி. சத்தம் கேக்குதே. அதைப் பூட்டினவன் எங்க?"

"போங்கம்மா. வெயில்ல நிக்காதீங்க."

அவள் நின்றாள். மத்தியானம் கரண்ட் போய்ச் சத்தம் நின்ற பிறகும் நின்றாள்.

சில மாதம் கழித்து, சித்தாண்டிப் பக்கம் ரோட்டில் பஸ்ஸை மறித்துச் சோதிக்கும் ஒரு சென்றியில் டெறிக்கைச் சீருடையோடு கண்டதாக, அங்கே கோயிலுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு மங்கையற்கரசி சொன்னாள். செசீலியா அடுத்த பஸ்ஸில் போனாள். சென்றியில் வேறொரு பொடியன் நின்றான். டெறிக்கின் உயரம்தான். பஸ்ஸை விட்டு இறங்கச் சொல்லி அவளுடைய அடையாள அட்டையைக் கேட்டான். கொடுத்தாள். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"ஏறுங்கம்மா," என்றான். அவள் ஏறினாள்.