பின் சீட்டில் எத்தனை பேர்?

"எந்த சைஸ் வேணும் தம்பி? சின்னதா, பெருசா?"

டயர்க்கடை அக்கா இப்படிக் கேட்டபோது அவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை. பதினொன்றரைக்காவது கிளம்பினால் மாலைக்குள் மச்சான் வீட்டுக்குப் போய்ச் சேரலாம். ஐந்து வாரமாக அங்கே இருக்கும் மனைவியையும் இரண்டு பெண்களையும் இன்று அழைத்து வந்தால்தான் உண்டு. நாளை காலை பெண்களை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறார்கள். சேர்த்துவிட்டால் அப்புறம் அவர்கள் வீடு திரும்புவது நடக்காத காரியம்.

"இப்ப இருக்கிற அதே சைஸ் போடுங்கக்கா."

"அதான் கைவசம் இல்லையே! பதினஞ்சு வருஷத்து வண்டி. கம்பெனி போட்டுக் கொடுத்த நூத்தி அம்பத்தஞ்சு சைஸை இப்ப யாரு கேக்கறாங்க? ஆர்டர் போட்டா வியாழக்கிழமை வரும். அதுவரைக்கும் இந்தத் தேஞ்ச நாலும் ஊரைத் தாண்டாது. நூத்தி எழுபத்தஞ்சு நாலு இருக்கு. இதே ரிம்முல உக்காரும், ரோட்டையும் நல்லா பிடிக்கும். ஒரு மணி நேரத்துல மாட்டிக் கொடுத்துடுவார் இவரு."

"ஒன்றரை மணி நேரம்" என்றார் 'இவரு'. அக்காவின் கணவர். காரின் பின்சக்கரத்தருகே டார்ச்சோடு குந்தியிருந்தார். "பெருசு போட்டா என்ன வில்லங்கம்னு சொல்லிட்டியா?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன், நீங்க விட்டாத்தானே! தம்பி, இவரு காதும் ஒரு டயர்தான். உள்ள காத்து மட்டும்தான் போகும்."

"வாயும் அப்படி ஒண்ணு இருக்கே இந்தக் கடையில, பஞ்சரே ஆகாது" என்றார் அவர்.

வேறொரு நாளாக இருந்தால் அவன் சிரித்திருப்பான்.

அக்கா விஷயத்துக்கு வந்தாள். "பெரிய டயர் ஒரு விரல் அகலம் ஜாஸ்தி. உங்க வண்டில பின்னாடி ஸ்பிரிங் ரெண்டும் தொங்கிப் போச்சு. பாரம் ஏறினா பாடி இறங்கி, சக்கரத்துக்கு மேல இருக்கிற தகடு டயர்ல உரசும். காலியா ஓட்டினா ஒண்ணும் ஆகாது. நீங்கதான் லிஃப்ட் மெக்கானிக்காச்சே, ஆறு பேருன்னு எழுதி ஒட்டுவீங்கள்ல, அது மாதிரி வச்சுக்குங்க. பின் சீட்ல எத்தனை பேர்?"

"ரெண்டு பொண்ணுங்க. டிக்கி நிறைய பெட்டி."

"அப்ப பெருசு ஆகாது."

"கொஞ்சம் உரசினா என்னக்கா?"

"கொஞ்சமா? பாதி வழியில ஓரம் அறுந்து டமார்னு வெடிக்கும். பொண்டாட்டி பிள்ளைங்களோட நடுரோட்டுல நிப்பீங்க."

அவனுக்கு முகம் சுண்டிவிட்டது. அதுதான் ஏற்கெனவே நடந்ததே!

'அடுத்த மாசம் மாத்திடலாம்' என்று அவன் ஒரு வருடமாகத் தள்ளிப்போட்ட டயர்களில் ஒன்று, ஆறு வாரத்துக்கு முன் மழையில் வெடித்தது. காரை ஓட்டிக்கொண்டிருந்தது அவன் மனைவி. பின்னால் இரண்டு பெண்கள். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. அவள் அவனுக்கு போன் செய்தாள். அவன் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், பாதியில் நின்றுபோன லிஃப்டோடு போராடிக்கொண்டிருந்தான்.

அவன் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் எப்போதும் 'பத்து நிமிஷம்' என்றுதான் சொல்வார்கள். ஒரு மணி நேரம் ஆகும் என்றால் உள்ளே இருப்பவர் மூச்சு முட்டுகிறது என்று கத்த ஆரம்பித்துவிடுவார். பத்து நிமிஷம் என்றால் பொறுத்துக்கொள்வார். அது முடிந்ததும் இன்னொரு பத்து நிமிஷம். பதினெட்டு வருடமாக அவன் வாயில் அதுவே வந்து பழகிவிட்டது.

அன்று மனைவி நான்கு முறை கூப்பிட்டாள். நான்கு முறையும் "பத்து நிமிஷம், அங்கேயே இரு" என்றான். உதவட்டுமா என்று வண்டியை நிறுத்திக் கேட்ட லாரிக்காரரைக்கூட, 'வீட்டுக்காரர் வந்துக்கிட்டிருக்கார்' என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவன் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. சின்னவள் குட்டிக்குக் காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டது.

மனைவி சண்டை போடவில்லை. "நான் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவ இல்லைங்க. எவ்வளவு நேரம் ஆகும்னு தெரிஞ்சிருந்தா, நானே ஏதாவது பண்ணியிருப்பேன்" என்றாள். ஒரே வாரத்தில் பெண்களோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு தினமும் போனில் பேசினான். பெண்கள் சாப்பிட்டார்களா என்று கேட்டான், மழை பெய்ததா என்று கேட்டான். 'திரும்பி வருகிறாயா' என்று மட்டும் கேட்கவில்லை. புது டயரோடு போய் வாசலில் நின்றால் ஏறிக்கொள்வார்கள் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான்.

"எத்தனை பேர்னு கேட்டா இவ்வளவு யோசிக்கறீங்களே தம்பி?" என்றாள் அக்கா.

"ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்."

கடைக்கு வெளியே, அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களுக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டான். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்க."

"டயர் கடையில இருக்கேன். இன்னைக்கு... திரும்பி வரும்போது வண்டில எத்தனை பேர் இருப்போம்?"

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம்.

"இதை ஏன் டயர் கடையிலேர்ந்து கேக்கறீங்க?"

"அது தெரிஞ்சாத்தான் எந்த டயர்னு முடிவு பண்ண முடியும்."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. "அஞ்சு வாரமா இதைக் கேப்பீங்க கேப்பீங்கன்னு பாத்தேன். கடைசில டயர்க்காரங்க கேட்டுத்தான் நீங்க கேக்கணும்னு இருக்கு."

"சொல்லு."

"நீங்க மட்டும்தான்."

எதிரே சாலையைக் கடந்த ஒரு சைக்கிளை, அது வளைவில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

"நான் மாறிட்டேன்னா?"

"மாறியிருக்கலாம். இருந்து பாக்கறதுக்கு எனக்குத் தெம்பு இல்லைங்க." மூக்கை உறிஞ்சினாள். "பிள்ளைங்க பிறப்புச் சான்றிதழ் கிடைச்சுதா? போன வாரமே தேடறேன்னீங்க."

"தேடலை. பீரோவுலதான் இருக்கு. அன்னைக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும், நீங்க தேடலைன்னு" என்றாள் அவள் மெதுவாக. "நாளைக்கு ஒன்பது மணிக்கு அசல் வேணும். இல்லைன்னா இந்த வருஷம் இடம் கிடையாது. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. இன்னொரு தடவை வாசலைப் பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியாது."

முடியாது என்று சொல்ல வேண்டியதுகூட இல்லை. 'சின்ன டயர் வியாழக்கிழமைதான் வருதாம்' என்றால் போதும். பொய்யும் இல்லை. பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும், கடைசி பஸ் ஞாயிற்றுக்கிழமை ஓடாது; நாளை மதியம்தான் போய்ச் சேர முடியும். பள்ளியில் இடம் போய்விடும். பெண்கள் பழைய பள்ளிக்கே வந்தாக வேண்டும், அவளும் வருவாள். அவன் வாய்வரை வந்துவிட்டது.

"ஆறு மணிக்கு அங்க இருப்பேன்" என்றான். "வழியில நேரமானா முன்னாடியே சொல்லிடறேன்."

அவள் பதில் சொல்வதற்குள் குட்டி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்பா! புது டயர் பளபளன்னு இருக்கா?"

"இருக்கு கண்ணு."

"சாயங்காலம் என்னையும் அக்காவையும் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவீங்கள்ல?"

"ஒவ்வொருத்தரா கூட்டிட்டுப் போறேன். முன் சீட்ல உக்காந்துக்கலாம்."

"ஏன், சேந்து போனா என்ன?"

"பின்னாடி உக்காந்து போற மாதிரி டயர் கிடைக்கலைடா கண்ணு."

"போங்கப்பா, வேற கடையில கேக்க வேண்டியதுதானே!"

அவன் உள்ளே திரும்பி வந்தான். "பெருசையே போடுங்கக்கா."

"அப்ப பின் சீட்ல?"

"யாரும் இல்லை."

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். "வியாழக்கிழமை சின்னது வந்துடும் தம்பி. பொறுத்துப் பாக்கலாமே?"

"நாளைக்குக் காலைல அங்க ஒரு காகிதம் போயாகணும்க்கா. அது போகலைன்னா அவங்க காத்துக்கிட்டு நிப்பாங்க. இந்தத் தடவை நிக்க வைக்க வேண்டாம்."

அதுவரை வார்த்தைக்கு வார்த்தை குறுக்கே பேசிக்கொண்டிருந்த அக்காவின் கணவர் எழுந்தார். ஸ்பானரை எடுத்து முதல் நட்டைக் கழற்ற ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரம் என்றவர், ஒரு மணி நேரத்துக்குள் நான்கையும் மாட்டி முடித்தார்.

"தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. உரசுதான்னு பாத்துடலாம்" என்றாள் அக்கா.

அவன் சுற்றினான். வேகத்தடையில் ஏற்றி இறக்கினான். முனையில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினான். காதைப் பின்பக்கமே வைத்திருந்தான். லேசாகவாவது ஒரு உரசல் கேட்டால், 'வேண்டாம், கழற்றிவிடுங்கள்' என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கும். ரேடியோவை அணைத்தான். கண்ணாடியை ஏற்றினான். இன்னொரு முறை வேகத்தடையில் வேண்டுமென்றே வேகமாக விட்டான்.

ஒரு சத்தமும் வரவில்லை. வண்டி புது வண்டி மாதிரி ஓடியது.

கடை வாசலில் அக்கா காத்திருந்தாள். "உரசுதா தம்பி?"

"இல்லக்கா" என்றான். கண்களைத் துடைத்துக்கொண்டு, சான்றிதழ்களை எடுக்க வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினான்.