பெரிய படத்துக்கு முன்னால் ஓடிய படம்

சாவித்திரி ஒரு சினிமா பார்த்துவிட்டு வந்தால் சேவூரில் அவள் தெருக்காரர்கள் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. மறுநாள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே முழுக்கதையையும் சொல்லிவிடுவாள். அழ வேண்டிய இடத்தில் அழுவாள். வில்லன் வந்தால் குரல் மாறும். இல்லாத காட்சி ஒன்றிரண்டும் சேரும். பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் அதைக் கேட்பதற்காகவே தன் வேலையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காருவாள்.

சாவித்திரியின் புருஷன் தசரதனுக்கு சினிமாவில் ஆசை கிடையாது. அமாவாசையன்று தறி ஓடாது என்பதால் மனைவியையும் மகள் ரேணுகாவையும் ஆரணிக்கு மேட்னி கூட்டிப்போவான். விளக்கை அணைத்ததும் தூங்கிவிடுவான்.

எண்பத்து நாலாம் வருஷம் ஆடி அமாவாசைக்கும் அப்படித்தான் போனார்கள். பெரிய படத்துக்கு முன்னால் அரசாங்கத்தின் செய்திப்படம் ஓடியது. ஜனங்கள் அந்த நேரத்தில் முறுக்கு வாங்கப் போவார்கள். சாவித்திரி திரையில் எது ஓடினாலும் பார்ப்பவள். அன்றைக்கு ஓடியது குஷ்டரோகத்தைப் பற்றிய படம். ஒரு ஆளின் முதுகில் வெளிறிய தேமல் ஒன்று. டாக்டர் அதைப் பஞ்சால் தொடுகிறார், அந்த ஆளுக்குத் தொட்டது தெரியவில்லை. அடுத்து, விரல்கள் மடங்கிப்போன இரண்டு கைகள்.

தசரதனின் தோள்பட்டைக்குக் கீழே அதே மாதிரி ஒரு தேமல். எண்ணெய் தேய்க்கும்போது சாவித்திரி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். திரும்பிப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு ஓடிய பெரிய படத்தில் ஒன்றுமே அவள் மனசில் ஏறவில்லை.

அன்று ராத்திரி தசரதன் தறி போட்டிருந்த அறையில் தனியாகப் பாய் போட்டான். "உள்ள புழுக்கமா கீது" என்றான். காலையில் மடியில் ஏற வந்த ரேணுகாவை, "போம்மா, வேல கீது" என்று விலக்கினான்.

செல்லியம்மாள் வழக்கம்போல் வந்து உட்கார்ந்தாள். "படம் எப்டிடி? அண்ணங்காரன் கடைசில வந்து சேந்தானா?"

"தெரிலக்கா."

"தெரிலயா? நீயா சொல்ற!" செல்லியம்மாளுக்கு நம்பவே முடியவில்லை. உடம்பு சரியில்லை போல என்று கிளம்பிப் போனாள்.

சாவித்திரி ஒரு பட்டு நூலை எடுத்துக்கொண்டு தறிக்குப் போனாள். தசரதன் வெற்றுடம்போடு நெய்துகொண்டிருந்தான். நூலால் அவன் பிடரியைத் தொட்டாள்.

"இன்னாடி வெளையாட்டு, கூசுது!"

தேமல் மேல் தொட்டாள். அவன் பாட்டுக்கு நெய்தான். நூலை அதன் மேல் மறுபடி இழுத்தாள். தறிச் சத்தம் நிற்கவில்லை.

"இன்னாங்க, இப்ப தெரியுதா?"

தறி நின்றது. அவன் திரும்பவில்லை. "தெரியாது. ராத்திரியே கிள்ளிப் பாத்துட்டேன்."

"நீங்க தூங்கிகினு இல்ல இருந்தீங்க?"

"எங்க தூங்குனேன்? அந்தக் கைய காட்னான் பாரு, அதுக்கு மேல பாக்க முடியாம கண்ண மூடிகினேன்." தறியின் மேல் தன் விரல்களை விரித்து வைத்திருந்தான். "நீ புள்ளய இட்டுகினு தேசூருக்குப் போயிடு சாவித்திரி, உங்கம்மா ஊட்டுக்கு. இந்தக் கை மடங்கறதுக்குள்ள உங்களுக்கு எதனா..."

சாவித்திரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தறிக்குழி ஓரத்தில், அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.

"பாதிப் படம் பாத்துட்டு பொண்டாட்டிய ஊருக்குத் தொரத்துறீங்களே! மீதிய நான் சொல்றேன், கேளுங்க. கை அப்டி ஆவறது, கவனிக்காம உட்டவங்களுக்கு. ஆரம்பத்துலயே போனா மாத்திர தராங்களாம். சாப்ட ஆரம்பிச்சா யாருக்கும் ஒட்டாதாம். கடைசில அந்த ஆளு நல்லாயிட்டு ஏர் ஓட்றான். பொண்டாட்டி சோறு எடுத்துகினு வரா. புள்ள அவன் தோள்மேல ஒக்காந்துகினு கீது."

"தோள்மேலயா?"

"ஆமா."

"நெஜமா காட்னானா, நீ சேத்து சொல்றியா?"

"சத்தியமா காட்னான்."

பெண்டாட்டி சோறு எடுத்து வந்தது அவள் சேர்த்தது. குழந்தை தோளில் இருந்தது நிஜம்.

"பொறப்படுங்க ஜல்தி" என்று சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

ஆரணி ஆஸ்பத்திரியில் டாக்டர் முதுகைப் பார்த்தார், கைகளை நீட்டி மடக்கச் சொன்னார். சாவித்திரியையும் குழந்தையையும்கூடப் பரிசோதித்தார். அவர்களுக்கு ஒன்றுமில்லை. "நல்ல நேரத்துல வந்தீங்க. யார் சொல்லி வந்தீங்க?" என்று கேட்டார்.

"சினிமாவுலங்க" என்றான் தசரதன்.

முதல் மாத்திரை போட்ட அன்றைக்குத் தோட்டத்துப் பக்கமிருந்து அலறினான். "சாவித்திரி! ரத்தமா போவுது!"

"அது மாத்திர செகப்பு. ஒண்ணுக்கு செகப்பா போவும்னு நர்சம்மா அவ்ளோ சொன்னாங்களே, காதுல வாங்கலயா?" என்று சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முறைத்தவன் பிறகு தானும் சிரித்தான்.

செல்லியம்மாளிடம் விஷயத்தைத் தசரதனே சொன்னான். அவள் தன் வேலையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். அப்புறம் பல நாள் வரவில்லை. தனியாக நூல் சுற்றுவது சாவித்திரிக்கு பேஜாராக இருந்தது. ஒரு காலையில் செல்லியம்மாள் தானாகவே வந்தாள். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

"கோச்சிக்காதடி. பயந்துட்டேன்" என்றாள். பிறகு மெதுவாக, "என் தம்பி கால்ல ஒண்ணு கீது. ஆஸ்பத்திரிக்கு எந்தக் கெழமைல போவணும்?" என்று கேட்டாள்.

சாவித்திரி கோபித்துக்கொள்ளவில்லை. கிழமையைச் சொல்லி, தானும் கூட வருகிறேன் என்றாள்.

தை பிறந்து கொஞ்ச நாளில், இனி மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைகளுக்கு ஒரு குறையும் வரவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது தசரதன் சொன்னான்: "அந்த எடத்துல மட்டும் உணர்ச்சி திரும்பறது சந்தேகம்தானாம்."

"முதுகுதான? போனா போவட்டும்" என்றாள் சாவித்திரி.

டவுன் பஸ் வந்தது. நல்ல கூட்டம். தசரதன் முண்டியடித்து ஏறி, ஜன்னல் ஓரத்தில் துண்டைப் போட்டு, தன் பக்கத்திலேயே அவளுக்கு இடம் பிடித்தான்.