கயிறு வரைக்கும் வந்தது

வா, எழுந்து வா, பயந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்காதே, மழை வரும், வீட்டுக்கு வா, அம்மாவின் குரல் புல்லைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது, கோல்ஃப் மைதானத்தின் கடைசியான பதினெட்டாவது குழியைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள், ஒரு கையில் அரிசிக் கிண்ணம், அரிசிமேல் ஒரு முட்டை, மறு கையில் ஊதுபத்தி, பந்தை அடிக்கக் குனிந்திருந்த சக ஆட்டக்காரி கிர்ஸ்டன் நிமிர்ந்து பார்க்கிறாள், எல்லாரும் பார்க்கிறார்கள், நான் மட்டும் என் பந்தையே பார்க்கிறேன், குழிக்கு ஆறடி, இதை இறக்கிவிட்டால் அடுத்த ஆண்டும் தொழில்முறைப் போட்டிகளில் ஆடலாம், தவறினால் இன்றோடு முடிந்தது.

போன வருடமும் இதே குழிதான், இரண்டே அடி, விளிம்பைச் சுற்றிவிட்டுப் பந்து வெளியே நின்றது, எனக்குள்ளிருந்து யாரோ படியிறங்கிப் போவதுபோல் இருந்தது, அதற்குப் பிறகு சின்னத் தூரமென்றால் கை நடுங்கும், மருத்துவர் நரம்பு என்றார், பயிற்சியாளர் மூச்சை எண்ணச் சொன்னார், அம்மா என் முகத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள், உன் உயிர் ஒண்ணு அங்கயே நின்னுடுச்சுடி. லாவோஸ் மலைகளிலிருந்து வந்த எங்கள் ஹ்மாங் மக்கள் வழக்கில் ஒருவருக்கு ஒரே உயிர் இல்லை, பல, அதில் ஒன்று பயந்தால் பயந்த இடத்தைவிட்டு நகராது, பெயர் சொல்லி அழைத்துவர வேண்டும், அமெரிக்காவில், செயின்ட் பால் நகரில் எங்கள் வீட்டு வாசலைத் திறந்துவைத்து அழைத்தார்கள், கோழி வெந்தது, அத்தைமார் என் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள், வெந்த கோழிக்காலின் விரல்களைப் புரட்டிக் குறி பார்த்துவிட்டு, உயிர் வரல என்றார்கள். கோல்ஃப் மைதானத்துலயா விட்டுட்டு வந்தே, காலர் வச்ச சட்டை இல்லாம உள்ள விடமாட்டானாமே, நாம எப்படிடி போறது, பெரிய அத்தை கேட்க எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அம்மா சிரிக்கவில்லை, நான் போறேன் என்றாள்.

அவள் எந்த மைதானத்துக்குள்ளும் வந்ததில்லை, பதினோரு வருடமாக வேனில்தான் உட்கார்ந்திருப்பாள், ஜன்னலை இறக்கிவிட்டு, மடியில் ஒட்டும் அரிசிச் சோற்றுப் பொட்டலத்தோடு, உள்ளே வா என்று நான் ஒருமுறை சொல்லியிருந்தால் வந்திருப்பாள், நான் சொல்லவில்லை, அவளுக்கு வேனே வசதி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இந்தமுறை பெரியப்பா மகன் பாவோ அண்ணன்தான் வேனை ஓட்டிவந்தார், என் மட்டைப்பையைச் சுமப்பவரும் அவர்தான், சாயங்காலம் ஆளெல்லாம் போனப்புறம் கூப்பிடலாம் சித்தி என்று வழியெல்லாம் சொன்னார், அவளும் தலையாட்டினாள், ஆனால் நான் அந்தக் குழியை நெருங்குவதைப் பார்த்ததும் மனசு மாறியிருக்க வேண்டும், உடம்பு அங்க நிக்கும்போதே கூப்பிட்டாத்தானே உயிர் அடையாளம் கண்டுக்கும் என்று.

மைதானக் காவலர் அவளிடம் போகிறார், அமைதி என்று எழுதிய அட்டையை உயர்த்திக்கொண்டே, அம்மா அழைப்பதை நிறுத்தாமல் ஊதுபத்திக் கையால் என்னைக் காட்டுகிறாள், மகள், மகள் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்கிறாள், அவர் புல்லில் நடந்து என்னிடம் வருகிறார், மன்னிக்கணும் மேடம், அந்தம்மா உங்களோட வந்தவங்களா, அந்தப் புல்வெளியில் அவள் சாடை உள்ள முகங்கள் என்னுடையதும் பாவோ அண்ணனுடையதும்தான், ஆனாலும் மரியாதைக்குக் கேட்கிறார், கிர்ஸ்டன் என்னைப் பார்க்கிறாள், தொலைக்காட்சிக் கேமரா திரும்புகிறது, தலையை ஆட்டி, இல்லை, எனக்குத் தெரியாது, என்கிறேன்.

சித்தியத் தெரியாதா உனக்கு, பாவோ அண்ணன் எங்கள் மொழியில் மெதுவாகக் கேட்டார், நான் மட்டையைக் கேட்டுக் கையை மட்டும் நீட்டினேன். அம்மாவின் குரல் பாதியில் நின்றிருந்தது, கிர்ஸ்டன் அடித்தாள், பிறகு நான், கை நடுங்கவில்லை, பந்து நேராகப் போய் விழுந்தது, கைதட்டினார்கள், கிர்ஸ்டன் கட்டிக்கொண்டாள், எனக்குள் எதுவும் திரும்பி ஏறவில்லை.

வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து அம்மா அரிசியைப் பையில் கொட்டிக்கொண்டிருந்தாள். ஜெயிச்சுட்டியா. ம். நல்லது, பசிக்கும், சாப்பிடு. அம்மா, எல்லாரும் போயிட்டாங்க, வா, இப்ப கூப்பிடலாம். அது வந்துச்சுடி, கயிறு வரைக்கும் வந்துச்சு, அவன் கேட்டான், நீ தெரியாதுன்னு சொன்னே, அப்படியே நின்னுடுச்சு. அப்ப மறுபடியும் கூப்பிடு. கூப்பிடறதுக்கு முன்னாடி யார் கூப்பிடறாங்கன்னு அதுக்குச் சொல்லணும், அவள் கோபமே இல்லாமல், வழி கேட்பதுபோல் கேட்டாள், யாருன்னு சொல்லட்டும்.

நான் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன், பாவோ அண்ணன் வண்டியைக் கிளப்பினார், அதற்குப் பிறகு அம்மா வேனில்கூட வருவதில்லை, இந்த ஆண்டு பத்தொன்பது போட்டிகள், ஒவ்வொன்றிலும் கடைசிக் குழியருகே குனியும்போது அம்மாவின் குரலுக்குக் காதைத் தீட்டிக்கொள்கிறேன், கயிற்றுக்கு அந்தப் பக்கம் அத்தனை பேர், ஒருவர் இருமலைக்கூட அடக்கிக்கொள்கிறார், எனக்காக எல்லாரும் வாய்மூடி நிற்கிறார்கள்.